கட்டம் தொலைந்த படத்தை மீட்பது எப்படி?

கேமராவும் எக்ஸ்-கதிர் டிடெக்டரும் ஒளியின் செறிவை மட்டுமே பதியும். படத்தைப் பல அலைகளாகப் பிரித்துக் காட்டும் கணக்குதான் ஃபூரியர் உருமாற்றம். ஒவ்வொரு அலையும் எவ்வளவு பெரியது என்பது வீச்சு, எங்கே தொடங்குகிறது என்பது கட்டம் (phase). பொருளில் பட்டுச் சிதறிய ஒளியின் செறிவை அளந்தால் அந்த வீச்சு கையில் இருக்கும், கட்டம் போயிருக்கும். ஒரு முகத்தின் வீச்சையும் ஒரு கட்டடத்தின் கட்டத்தையும் சேர்த்து நேர்மாறு உருமாற்றம் செய்து பாருங்கள். திரையில் தெரிவது கட்டடம்தான். தொலைந்தது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று அப்போது புரியும்.

பயிற்சிக்கு 128×128 படம் போதும். அதை 256×256 அளவுள்ள பூஜ்யங்களின் நடுவே வைத்து உருமாற்றுங்கள். வீச்சை வைத்துக்கொண்டு கட்டத்தை எறிந்துவிடுங்கள். இந்தப் பூஜ்ய ஓரத்தை நான் முதல் தடவை விட்டுவிட்டேன். பிழை, அதாவது கணக்கில் வரும் வீச்சுக்கும் அளந்த வீச்சுக்கும் உள்ள வித்தியாசம், மளமளவென்று இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று படத்தைத் திறந்தால் வெறும் கூழ்! தெரியாத பிக்சல்கள் 16,384. மெய் எண் படத்தின் வீச்சு சமச்சீரானது என்பதால் அதில் பாதிதான் உருப்படியான தகவல். ஓரம் சேர்த்தால் அது ஏறக்குறைய 32,768 ஆகிவிடுகிறது.

படம் இருக்கும் பகுதி எது என்று குறித்துக்காட்டும் ஒரு மாஸ்க் வேண்டும். அளவு தெரியாதா? வீச்சின் வர்க்கத்தை நேர்மாறு உருமாற்றம் செய்யுங்கள். கிடைப்பது தன்தொடர்பு: படத்தை அதன்மேலேயே நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டியது. அதன் அகலத்தில் பாதிதான் பொருளின் அகலம்.

இனி சுழற்சி. மாஸ்க்குக்குள் தற்செயல் எண்களை நிரப்பித் தொடங்குங்கள். உருமாற்றுங்கள், கட்டத்தைத் தொடாமல் வீச்சை மட்டும் அளந்த வீச்சால் மாற்றுங்கள், திரும்பி வாருங்கள். மாஸ்க்குக்குள் நேர் மதிப்பாக வந்த பிக்சல்களை அப்படியே ஏற்கலாம். மற்றவற்றைப் பூஜ்யமாக்குவது கெர்ச்பெர்க்கும் சாக்ஸ்டனும் 1972-ல் காட்டிய வழியை ஒட்டியது. பிழை ஒருபோதும் ஏறாது, ஆனால் பாதிவழியில் படுத்துவிடும். ஒளியியல் ஆய்வாளர் ஃபீனப்பின் முறையில் அந்தப் பிக்சல்களின் பழைய மதிப்பிலிருந்து புதிய மதிப்பின் 0.9 மடங்கைக் கழிக்க வேண்டும். பிழை ஏறி இறங்கி ஆட்டம் காட்டும், பயப்படாதீர்கள். இதை 100 சுற்று, பிறகு முந்தையதை 20 சுற்று என்று மாற்றி மாற்றி ஓட்டுவது என் பழக்கம்.

சிக்கல் வருவது இரட்டையரிடம். படத்தை 180 பாகை திருப்பினாலும் வீச்சு மாறாது. மாஸ்க் சதுரமாக இருந்தால் நேர்படமும் திரும்பிய படமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கணக்கு அங்கேயே மாட்டிக்கொள்ளும். பத்துச் சுற்றுக்கு மாஸ்க்கின் ஒரு மூலையை முக்கோணமாக வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் இரட்டையரில் ஒருவர் விலகிவிடுவார்.

ஒற்றைப் பரிமாணச் சிக்னலில் இதையே செய்யலாமா என்று கேட்பார்கள். (1, 5, 6), (3, 7, 2) இரண்டின் தன்தொடர்பையும் கையாலேயே போட்டுப் பாருங்கள்: இரண்டுக்கும் 62, 35, 6. அதாவது வீச்சு ஒன்றேதான். 1, 2 என்பதோடு 1, 3-ஐச் சுருட்டினால், அதாவது பல்லுறுப்புக் கோவைகளைப் போலப் பெருக்கினால், முதலாவது வரும். 3, 1 என்று புரட்டிச் சுருட்டினால் இரண்டாவது. இரு பரிமாணத்தில் இப்படிக் காரணிகளாக உடைவது அபூர்வம் என்பதால்தான் படங்கள் தப்பிக்கின்றன. சிக்னல்காரர்களுக்குக் கூடுதல் தகவல் ஏதாவது வேண்டும்.

கடைசியாக, பத்து வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டி, பிழை குறைந்த நாலைந்தைச் சராசரி எடுங்கள். அதற்கு முன் தலைகீழாக வந்தவற்றைத் திருப்பி, நகர்ந்தவற்றை ஒன்றோடொன்று பொருத்திவிடுங்கள். இல்லையென்றால் மறுபடியும் கூழ்தான்.