கிளச்ஃபிளைட்: பெடலை நம்பும் முன் பம்பைப் பாருங்கள்

1960களின் பின்பாதியில் அமெரிக்க டிராக் பந்தயத்தில் (நேர்க்கோட்டில் குறுகிய தூரம் சீறும் பந்தயம்) ஓடிய சில கார்களில் கிளச் பெடல் இருக்கும், உள்ளே இருப்பதோ ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி. கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் 727-இல் டார்க் கன்வெர்ட்டரை (எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிளச் வைத்ததுதான் கிளச்ஃபிளைட். புறப்படும்போது மட்டும் காலுக்கு வேலை. அப்புறம் லீவரைத் தட்டத் தட்ட 2.45, 1.45, 1.00 விகிதங்களில் கியர்கள் விழும். 1970களில் லென்கோ நிறுவனத்தின் பந்தயக் கியர்பெட்டிகள் பரவியதும் இதன் மவுசு போய்விட்டது. பழைய பெட்டி ஒன்றைக் காரில் ஏற்றிவிட்டீர்கள், கிளச் தட்டும் சரி என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

முதல் வேலை, எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ். பெட்டியின் உறையில் இருக்கும் 1/8 அங்குல டெஸ்ட் துளையில் மாட்டுங்கள். 300 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை காட்டுகிற, எண்ணெய் நிரப்பிய கேஜ்தான் என் தேர்வு. மலிவானதில் முள் ஆடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வேலையில்தான் எனக்குத் தலைவலி. முதல் கியர் போட்டு பெடலை விட்டால் எஞ்சின் உறுமும், கார் நகராது. ஒரு நொடி கழித்து 'டமால்' என்று பாயும். கிளச் வழுக்குகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும், ஆனால் கோளாறு அங்கே இல்லை. சாதாரண 727-இல் எண்ணெய் பம்பைச் சுழற்றுவது கன்வெர்ட்டரின் கழுத்து. கன்வெர்ட்டர் போனால் வேறு ஏதாவது சுழற்ற வேண்டும். அந்த வேலை கிளச் தட்டின் பக்கம் இருந்தால், பெடலை மிதித்ததும் பம்பும் நின்றுவிடும். கியர்களைப் பிடிக்கும் எண்ணெய் அழுத்தம் இல்லையென்றால் கியரும் இல்லை. பெடலை விட்ட பிறகு அழுத்தம் ஏறும் அந்த இடைவெளியில் பெட்டிக்குள்ளேயே இருக்கும் பின்புறக் கிளச் (பெடலுக்குரிய கிளச் அல்ல) தேய்ந்து கருகும்.

கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கேஜைப் பார்த்தபடி பெடலை மிதியுங்கள். முள் அசையாமல் நின்றால் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து சுழல்கிறது, நிம்மதி. சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்கினால் இரண்டே வழி: பம்பைச் சுழற்றும் ஹப்பை ஃப்ளைவீல் பக்கம் மாற்றுவது, அல்லது தனி பம்பிலிருந்து அழுத்தம் கொடுப்பது. செலவு கூடினாலும் நான் முதல் வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். (1965 வரை வந்த 727-இல் பின்னால் இன்னொரு பம்ப் உண்டு. ஆனால் அது கார் உருண்டால்தான் வேலை செய்யும், புறப்படும் கோட்டில் நிற்கும்போது உதவாது.)

அடுத்து கிக்டவுன் பேண்ட், அதாவது இரண்டாவது கியரில் முன் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் பட்டை. லாக்நட்டைத் தளர்த்தி, திருகை 72 இன்ச்-பவுண்டு வரை இறுக்கி, அங்கிருந்து இரண்டு சுற்று பின்னால் விடுங்கள். சில எஞ்சின்களுக்கு இந்தச் சுற்று மாறும், உங்கள் ஆண்டின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். அடி-பவுண்டு ரெஞ்சை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே செய்யாதீர்கள். அவ்வளவு சின்ன அளவை அது சரியாகக் காட்டாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், அழுத்தம் சரியாக இருந்தும் புஷ்கள் (தண்டைத் தாங்கும் உலோக வளையங்கள்) எரிந்துபோனதாகச் சொன்னார். 727-இல் எண்ணெய் கன்வெர்ட்டர் வழியாகக் கூலருக்குப் போய், திரும்பி வரும்போதுதான் உள் பாகங்களை நனைக்கிறது. கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் அந்த வழி இணைக்கப்படாவிட்டால் உள்ளே வறட்சிதான். கூலரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, எஞ்சினை நியூட்ரலில் மெதுவாக ஓடவிடுங்கள். 20 நொடிக்குள் ஒரு குவார்ட், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர், வர வேண்டும்.

எல்லாம் சரியான பிறகும் முதல் கியரில் பர்ன்அவுட் (டயரைச் சூடேற்ற வேகமாகச் சுழலவிடுவது) வேண்டாம். நனைந்த டயர் சுழன்று சட்டென்று பிடிக்கும்போது விழும் அடி, பெட்டியின் பின்னால் உள்ள ஸ்ப்ராக்கை (ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் பூட்டு) உடைக்கலாம். உடைந்தால் முன் டிரம் எஞ்சினைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகத்தில் சுழன்று வெடிக்கும். அலுமினிய உறை அதைத் தாங்காது. கிளச் வைத்த பெட்டியில் அதிர்ச்சியைத் தணிக்கக் கன்வெர்ட்டரும் இல்லை. அதனால் இரண்டாவது கியரில் பர்ன்அவுட், போல்ட் போட்ட ஸ்ப்ராக், ஸ்டீல் டிரம், பெட்டியைச் சுற்றிப் பாதுகாப்புப் போர்வை. கைக்காசு குறைவாக இருந்தால் முதலில் போர்வையை வாங்குங்கள், குரோம் பூசிய லீவர் பிறகு.