நகராத ஒளிப்புள்ளி: வேலூர் வானில் செயற்கைக்கோள் பளிச்சிடலைப் படம்பிடிக்கும் முறை

செயற்கைக்கோள் பளிச்சிடல், அதாவது அது சூரிய ஒளியைப் பிரதிபலித்துச் சற்று நேரம் மின்னுவது, என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை பழைய இரிடியம் செயற்கைக்கோள்கள்தாம். அவற்றின் மெருகேறிய ஆன்டெனாக்கள் சில விநாடிகளுக்கு வெள்ளிக் கோளையும் மிஞ்சி ஒளிர்ந்தன. 2019-க்குள் புதிய தலைமுறை வந்துவிட்டதால் அந்தக் காட்சி ஏறத்தாழ முடிந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களை. இவற்றைத் துரத்த வேண்டியதில்லை. புவி சுழலும் வேகத்திலேயே சுற்றிவருவதால் இவை நம் பார்வைக்கு நின்ற இடத்திலேயே நிற்க, விண்மீன்கள்தாம் அருகே வந்து கடந்து செல்கின்றன.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். சம இரவு நாள்களை ஒட்டிச் சூரியன், புவி, செயற்கைக்கோள் மூன்றும் நள்ளிரவில் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைவதால், சூரியனை நோக்கியிருக்கும் மின்தகடுகள் நம்மையும் நோக்குகின்றன. வழக்கமாகப் பத்தாம் ஒளித்தரத்துக்கும் (எண் கூடக்கூட ஒளி குறையும் அளவீடு) மங்கலாக இருக்கும் இவற்றுள் சில, அப்போது வெறுங்கண்ணுக்கே தென்படும் அளவுக்குப் பிரகாசமடையும். செப்டம்பரில் நமக்கு மழைமேகத் தொல்லை இருப்பதால், மார்ச் நடுப்பகுதியில் நிலவற்ற இரவே வடார்க்காட்டுக்கு ஏற்றது.

நேரமும் முக்கியம். புவியின் நிழலுக்குள் செயற்கைக்கோள் நுழைவதற்குச் சற்று முன்னும், வெளிவந்த சற்று நேரத்திலும்தான் பளிச்சிடல் மிகும். 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் இந்தியச் செயற்கைக்கோள்கள் மார்ச் நடுவில் இரவு 11.30 மணியளவில் நிழலில் மறைந்து, 12.40 அளவில் மீளும். ஆகவே 11 மணிக்கே கேமரா தயாராக இருக்கட்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, வேலூர் நகர மொட்டைமாடியில் பிரகாசமானவை மட்டும் பதிவாகும். ஜவ்வாது மலையின் இருட்டு வேறு தரம். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கிவரும் காவலூர் வானாய்வகம் அந்த மலையில்தான் இருக்கிறது. அதன் சுற்றுவட்டாரத்தில் வண்டியின் முகப்பு விளக்கை வானை நோக்கித் திருப்பாதீர்கள். அது அங்கே நடக்கும் ஆய்வுக்கு நேரடியான கேடு.

அடுத்து, திசை. நள்ளிரவு தாண்டி அரைமணி அளவில், சிம்மத்தின் வாலான உத்திர விண்மீன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் வரும். அங்கிருந்து தெற்கே 17 பாகை, அதாவது நீட்டிய கையின் முட்டி ஒன்றரைக்குச் சற்று மேல் இறங்கினால், கிழக்கு மேற்காகச் செல்லும் செயற்கைக்கோள் வரிசையை அடைவீர்கள். வேலூரிலிருந்து பார்க்கையில் அது வான நடுவரைக்கு (புவியின் நடுவரைக்கு நேர்மேலே வானில் அமையும் கற்பனைக் கோட்டுக்கு) ஏறத்தாழ 2.3 பாகை தெற்கே அமையும்.

கேமராவை முக்காலியில் இறுக்கமாகப் பொருத்தி, 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/2 அளவில் வைத்து, ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 1600 என அமையுங்கள். குவியத்தைக் கையால் மட்டுமே சரிசெய்ய வேண்டும்: சித்திரை விண்மீனைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் வளையத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 15 விநாடி கொடுத்து, இடைவெளியின்றி அரைமணி நேரம் தொடர்ந்து எடுங்கள். முக்காலியை நடுவில் தொட்டுவிட்டால் முழுத் தொடரும் வீணாகும் என்பதால், ரிமோட்டைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், விண்மீன்கள் எல்லாம் குட்டிக் கோடுகளாக இழுபட்டிருக்க, ஒன்றோ இரண்டோ மட்டும் வட்டப் புள்ளியாக நிற்கும். எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் நிற்பது கேமரா உணரியின் கோளாறாகவும் இருக்கலாம். மூடி போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் ஐயம் தீரும். படங்களை ஒளிமிகுந்ததை மட்டும் தக்கவைக்கும் முறையில் ஒன்றாக அடுக்கினால், விண்மீன் கோடு புள்ளியை உரசிச் செல்வது தெளிவாகும்.

விண்மீன்கள் நான்கு விநாடிக்கு ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகர்வதால், கேமராக் கடிகாரத்தைக் கைப்பேசியோடு முன்கூட்டியே ஒத்துவைத்து, மிக நெருங்கிய படத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நேரத்தையும் உங்கள் இடத்தையும் ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியில் கொடுத்து, செயற்கைக்கோள் தரவைப் புதுப்பித்தபின், புள்ளியின் பெயரைக் கண்டறியலாம்.