பச்சிளங்குழந்தையின் மணிக்கட்டுத் தமனியில் கேனுலா: அல்ட்ராசவுண்ட் வைத்துச் செய்யும் முறை

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். குறைமாதக் குழந்தையின் ரேடியல் தமனி (மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஓடுவது) பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. நாடி பார்த்துக் குத்தினால் தவறுவது சகஜம், தவறும் ஒவ்வொரு குத்துக்கும் தமனி சுருங்கிக்கொள்ளும். அல்ட்ராசவுண்டில் கண்ணால் பார்த்தே குத்துங்கள், ஆனால் அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

முதலில் குழந்தைக்குக் குளிராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கு நாக்கில் சில துளி சுக்ரோஸ் விடுங்கள். மணிக்கட்டுக்கு அடியில் சின்னத் துணிச்சுருள் வைத்து லேசாக மட்டும் வளைக்க வேண்டும், அதிகம் வளைத்தால் தமனியே நசுங்கிவிடும். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும்.

கிருமிநீக்கம் செய்து, ஸ்டெரைல் உறையும் ஜெல்லும் போட்ட சின்ன லீனியர் புரோப்பை (அல்ட்ராசவுண்ட் கருவியில் தோல்மேல் வைக்கும் பகுதி) தமனிக்குக் குறுக்காக வையுங்கள், ஆழத்தை 2 சென்டிமீட்டருக்குள் குறையுங்கள். புரோப்பின் எடைகூட தமனியை மூடிவிடும், அதனால் தோலில் ஜெல்தான் படுகிறது என்று நினைத்துப் பிடியுங்கள். துடிக்கிற கறுப்பு வட்டம் தமனி, அதைவிட லேசாகத் தொட்டாலே மூடிக்கொள்வது சிரை. ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரில், சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்நார் தமனியிலும் ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊசியை எடுங்கள்.

24 கேஜ் கேனுலாவை (ஊசிமேல் பொருத்திய மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) 15 முதல் 30 டிகிரி சாய்வில் நுழைத்தால் ஸ்கிரீனில் ஒரு வெள்ளைப் புள்ளி வரும். அது முனையா, ஊசியின் நடுப்பகுதியா? பார்த்துச் சொல்ல முடியாது, ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்! அதனால் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு, புள்ளி மறையும்வரை புரோப்பை முன்னால் நகர்த்துங்கள், அப்புறம் புள்ளி திரும்பத் தெரியும்வரை ஊசியைத் தள்ளுங்கள். புரோப், ஊசி, புரோப், ஊசி என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக.

புள்ளி வட்டத்துக்குள் வந்து ரத்தம் தெரிந்ததும் பலர் கேனுலாவைத் தள்ளிவிடுகிறார்கள், தவறுவது அங்கேதான். ஊசியின் முனைதான் உள்ளே போயிருக்கிறது, பிளாஸ்டிக் குழாய் இன்னும் வெளியேதான் இருக்கிறது. சாய்வைக் குறைத்து, புள்ளியை வட்டத்தின் நடுவிலேயே வைத்துக்கொண்டு இன்னும் சில மில்லிமீட்டர் போன பிறகு கேனுலாவை வழுக்கி ஏற்றுங்கள்.

மானிட்டரில் அழுத்த அலை சரியாக வந்தால் விரல்களை மறைக்காமல் ஒட்டி, ‘தமனி’ என்று லேபிள் போடுங்கள், இதன் வழியாக எந்த மருந்தும் போகக் கூடாது. விரல்கள் வெளுத்தோ நீலமாகவோ மாறி, நிறம் திரும்பாவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். ரெண்டு தடவை கிடைக்கவில்லையா, சீனியரிடம் கொடுங்கள். அடுத்து கணுக்காலில் உள்ள போஸ்டீரியர் டிபியல் தமனியைப் பார்க்கலாம், முழங்கையில் உள்ள பிரேக்கியல் தமனி பக்கம் போக வேண்டாம், அது அடைத்தால் கைக்கு மாற்று வழி போதாது.