ஸ்காட்லாந்து மலைகளில் செம்மான் வேட்டை: பிணைகளிலிருந்து தொடங்குங்கள்

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் இன்று ஓநாயும் இல்லை, லின்க்ஸ் காட்டுப்பூனையும் இல்லை. செம்மான்களைக் கொன்று தின்னும் பெருவிலங்கு ஏதும் எஞ்சாத நிலையில், அவற்றின் தொகையைத் தீர்மானிப்பவை கடுங்குளிரும் மனிதனின் ரைபிளும் மட்டுமே. மான்கள் மிகுந்த பள்ளத்தாக்குகளில் முதிய பைன் மரங்கள் நிற்கும். அவற்றின் கீழே முளைக்கும் கன்றுகளோ ஆண்டுதோறும் கடிபட்டு, ஹெதர் புதரின் உயரத்தைத் தாண்டாமலேயே நின்றுவிடும். 1985இல் அரசின் கைக்கு வந்த க்ரெய்க் மெகி மலையிலும், பின்னர் க்ளென்ஃபெஷி, மார் லாட்ஜ் எஸ்டேட்டுகளிலும் மான்களைக் குறைத்த பிறகு, பெரும்பாலும் வேலியே இல்லாமல் பிர்ச்சும் பைனும் மீண்டும் எழுந்தன. கவனமாகச் செய்யப்படும் வேட்டை என்ன தரும் என்பதற்கு அந்தச் சரிவுகளே போதிய சான்று.

சட்டத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அங்கே காட்டுமான் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை வேட்டையாடும் உரிமை நிலத்தோடு சேர்ந்தது என்பதால், நில உரிமையாளரின் அனுமதியும் காவல்துறை வழங்கும் துப்பாக்கிச் சான்றிதழும் இன்றி மலையில் கால் வைக்கக் கூடாது. பிணை எனப்படும் பெண் செம்மானைச் சுடும் பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. ஆண் மான்களுக்கு இருந்த தடைக்காலம் 2023இல் நீக்கப்பட்டது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்திற்குப் பின்னும், உதிக்க ஒரு மணி நேரத்திற்கு முன்னும் சுட, ஸ்காட்லாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட்டின் தனி அனுமதி வேண்டும். செம்மானுக்குரிய தோட்டா, பட்டவுடன் விரியும் வகையாக இருப்பதோடு, குழல் முனையில் குறைந்தது நொடிக்கு 2,450 அடி வேகமும் 1,750 அடி-பவுண்டு ஆற்றலும் உடையதாக இருக்க வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆகவே இங்கே சொல்லப்படுபவை அனைத்தும் ஸ்காட்லாந்து நிலத்திற்கு மட்டுமே பொருந்தும்.

எத்தனை மான்களைச் சுடுவது என்ற கேள்விக்கான விடை மலையேறும் முன்பே தாளில் இருக்க வேண்டும். பனி படர்ந்த குளிர்கால இறுதியில், மான்கள் தாழ்வான சரிவுகளுக்கு இறங்கியிருக்கும்போது ஹெலிகாப்டரிலிருந்தோ நடந்தோ எண்ணுவார்கள். அடர்ந்த காட்டுக்குள் புழுக்கைகளைக் கணக்கிட்டு மதிப்பிடுவார்கள். சுயேச்சையான மான் ஆய்வுக் குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 10 செம்மான்கள் என்ற உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. மரங்கள் முளைத்து எழ வேண்டிய இடத்தில் அந்த எண்ணும் அதிகம் என்பதே என் கருத்து. எண்ணை மட்டும் நம்பாமல், ஒவ்வோர் ஆண்டும் அதே இடங்களுக்குச் சென்று மரக்கன்றுகளின் நுனித்தளிர் கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மான்கள் கூடுதலா குறைவா என்பதை அந்தத் தளிர்கள் காட்டிவிடும்.

கணக்கு எளிது. உங்கள் நிலத்தில் 300 பிணைகள் இருப்பதாகவும், 100 பிணைகளுக்கு 35 கன்றுகள் வீதம் வசந்தம்வரை பிழைப்பதாகவும் வைத்துக்கொண்டால், மொத்தக் கன்றுகள் 105. அவற்றுள் பெண் ஏறத்தாழ 52. இயற்கையாக 9 பிணைகள் மடியுமானால், தொகை கூடாமல் நிற்பதற்கே 43 பிணைகளைச் சுட வேண்டும். குறைப்பதே நோக்கமென்றால் அதற்கும் மேல். கலைமானை, அதாவது கொம்புள்ள ஆண் செம்மானைச் சுடுவதில் பெருமை இருக்கலாம். ஆனால் ஒரு கலைமான் பல பிணைகளோடு கூடும் என்பதால், கலைமான்களைக் குறைப்பது அடுத்த ஜூன் மாதப் பிறப்புகளைக் குறைப்பதில்லை. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பிணைகள் பெருகி நெரிசல் கூடும்போது முதலில் நலிவதும் இடம்பெயர்வதும் இளம் ஆண் மான்களே. நல்ல கலைமான்களை விரும்பும் எஸ்டேட்டுக்காரரும் பிணைகளைத்தான் குறைக்க வேண்டியிருக்கிறது.

பிணைகள் பிறந்த சரிவை விட்டு அதிகம் விலகுவதில்லை. எனவே உங்கள் நிலத்தில் சுட்டதன் பயன் உங்கள் நிலத்திலேயே தெரியும். ஆனால் கலைமான்கள் எல்லை தாண்டி அலைபவை. அதனால்தான் அண்டை நிலத்தார் ஒன்றுகூடி மான் மேலாண்மைக் குழுக்கள் அமைத்திருக்கிறார்கள். உங்கள் திட்டத்தை அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுவது சண்டையைத் தவிர்க்கும். வேலி போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேலி மானை அடுத்த சரிவுக்குத் தள்ளுவதோடு சரி; அருகிவரும் கேப்பர்கெய்லி பறவைகள் அதில் மோதிச் சாகின்றன.

இனி மலைக்கு வருவோம். காற்று எங்கிருந்து வீசுகிறது என்பதை அறியாமல் ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள். மான் உங்கள் உருவத்தைக் கண்டால் தயங்கி நிற்கக்கூடும், வாடையை முகர்ந்தால் நிற்காது. குளிர்ந்த அதிகாலையில் காற்று சரிவில் கீழிறங்கும், வெயில் ஏறியபின் மேல்நோக்கித் திரும்பும். பள்ளங்களில் அது சுழன்று ஏமாற்றும் என்பதால் அடிக்கடி சோதியுங்கள். ஓரிடத்தில் அமர்ந்து பைனாகுலரில் சரிவு முழுவதையும் பொறுமையாகத் தேடுங்கள். கூட்டத்தைக் கண்டதும், தலைமைப் பிணை எது, ஒதுங்கி நின்று காவல் காப்பது எது என்று பார்த்துவிட்டே வழியைத் தீர்மானியுங்கள். முகட்டில் தலைகாட்டாமல் ஓடைப் பள்ளங்களின் மறைவில் செல்லுங்கள். வழியில் கிளம்பும் ஒரு காட்டுக்கோழியோ மிரண்டோடும் ஆடோ மொத்தக் கூட்டத்தையும் எச்சரித்துவிடும். கடைசித் தூரத்தை ஈரக் கரிமண்ணில் வயிறு தேய ஊர்ந்தே கடக்க நேரும்.

150 மீட்டருக்குள் வந்து, ரைபிளை உறுதியாகத் தாங்கிப் படுத்த பின்பும் அவசரம் கூடாது. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அதன் பின்னால் தோட்டாவை உள்வாங்கும் மண்சரிவு இருக்க வேண்டும். தோட்டா உடலைத் துளைத்துச் செல்லும் என்பதால், அதே நேர்கோட்டில் வேறு மான் நிற்கக் கூடாது. முன்னங்காலின் கோட்டில், மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். கன்றோடு நிற்கும் பிணையென்றால், இரண்டையும் எடுக்க முடியும் என்ற உறுதி இல்லாதபோது விசையைத் தொடாதீர்கள். தாயிழந்த கன்று குளிரில் பட்டினியால் மெல்ல மடியும். இந்த ஒன்றில் எந்தச் சலுகையும் கூடாது. சுட்டவுடன் அடுத்த தோட்டாவை ஏற்றி, மானின் அசைவையும் அது நின்ற இடத்தையும் மனதில் பதித்துக்கொண்டு காத்திருங்கள். பின்பு பின்புறமாக நெருங்கி, கண்ணைத் தொட்டுப் பார்த்து இறப்பை உறுதி செய்யுங்கள்.

குடலை அங்கேயே அகற்றும்போது நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் காசநோயின் கட்டிகள் உள்ளனவா என்று பாருங்கள். ஐயமிருந்தால் அந்த இறைச்சியை விற்பனைக்கு அனுப்பாமல் அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். உடலை 7 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல் குளிர்விக்க வேண்டும். ஈயத்திற்குப் பதிலாகத் தாமிரத் தோட்டாவைப் பயன்படுத்தினால், உண்பவருக்கும் எஞ்சியதைத் தின்னும் கழுகுக்கும் நஞ்சு சேராது. ஒவ்வொரு மானின் எடை, பாலினம், மடியில் பால் இருந்ததா, சினையா என்பவற்றைக் குறித்துக்கொண்டு, வயதைக் கணிக்கக் கீழ்த்தாடையையும் எடுத்து வையுங்கள். எடை ஆண்டுக்காண்டு கூடி, சினைப் பிணைகளின் பங்கும் உயர்ந்தால், மீதியுள்ள மான்களுக்குப் போதிய மேய்ச்சல் கிடைக்கிறது என்று பொருள். அவற்றிற்குப் பிறக்கும் கன்றுகளும் கூடும் என்பதால், அடுத்த பருவத்தில் சுட வேண்டிய எண்ணிக்கையை அதற்கேற்ப உயர்த்தி நிர்ணயியுங்கள்.