ரிமோட் டெஸ்க்டாப்: கனெக்ட் ஆனதும் வேலை முடிந்துவிடுவதில்லை

ஓரிடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை வேறோர் இடத்திலிருந்து இயக்க முதன்முறை முயல்பவர்களுக்கு இணைப்பு ஒரே தடவையில் கிடைப்பது அரிது. இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் தடுக்கும், ரவுட்டர் தடுக்கும், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் உள்ளே விடாது. அப்போது ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கிறோம். ஃபயர்வாலைக் கொஞ்ச நேரத்துக்கு அணைக்கிறோம், ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது எண்ணிட்ட ஒரு வாசலை, திறக்கிறோம், செட்டிங்ஸில் இருக்கும் ஒரு டிக்கை எடுத்துவிடுகிறோம். திடீரென்று எதிர்முனையின் திரை வந்துவிடுகிறது. அப்பாடா என்று அதோடு எழுந்து போய்விடுகிறோம். தளர்த்தியவற்றில் எது உண்மையிலேயே தேவைப்பட்டது, எது சும்மா திறந்து கிடக்கிறது என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நடக்கும் ஊடுருவல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அதனால் ஒவ்வொரு தவறையும் அது எந்தத் தருணத்தில் நுழைகிறது என்பதோடு சேர்த்தே சொல்கிறேன்.

3389-ஐ இணையத்துக்குத் திறந்துவிடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது ஆர்.டி.பி., 3389 என்ற போர்ட்டில் காத்திருக்கும். வெளியிலிருந்து இணைய வேண்டுமே என்று ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, அந்த எண்ணை உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுகிறார்கள். வேலை உடனே நடக்கும். ஆனால் அந்த நொடியிலிருந்து உங்கள் லாகின் திரையை உலகில் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம்.

"என் ஐ.பி. முகவரி யாருக்குத் தெரியப்போகிறது?" என்று பலரும் கேட்கிறார்கள். யாருக்கும் தெரிய வேண்டியதே இல்லை. ஐ.பி. முகவரி என்பது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்; அதன் பழைய வகையான ஐ.பி.வி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரு கிகாபிட் இணைப்புள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து, ஏதாவது ஒரு போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று மொத்த ஐ.பி.வி4 இணையத்தையும் முக்கால் மணி நேரத்துக்குள் அது அலசிவிடும். ஷோடான் போன்ற தேடுபொறிகள் இப்படி அலசியதைப் பட்டியலாகவே வைத்திருக்கின்றன. உங்களைக் குறிவைத்து யாரும் வருவதில்லை. எல்லோரையும் தட்டிப் பார்க்கும் நிரல் உங்களையும் தட்டுகிறது, அவ்வளவுதான்.

"என் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. உள்ளே நுழைவதற்கான வழியே விற்பனைச் சரக்கு. ஊடுருவப்பட்ட சர்வர்களின் லாகின்களை விற்றுக்கொண்டிருந்த எக்ஸ்டெடிக் என்ற கள்ளச்சந்தையை 2019 ஜனவரியில்தான் அமெரிக்க, ஐரோப்பியக் காவல் அமைப்புகள் சேர்ந்து முடக்கின. வாங்குபவர் உங்கள் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கலாம், இல்லையென்றால் உங்கள் கம்ப்யூட்டரில் நின்றுகொண்டு வேறொருவரைத் தாக்கலாம்.

சரி, 3389-க்குப் பதிலாக 50000-க்கு மேலே ஏதாவது ஒரு எண்ணை வைத்தால்? சாதாரண அலசல்கள் குறையும், லாகின் முயற்சிகளைப் பதிந்துவைக்கும் லாக்கில் சத்தம் அடங்கும். பாதுகாப்பு என்று அதை எண்ணிவிடக் கூடாது. பொறுமையாக எல்லாப் போர்ட்களையும் பார்க்கும் நிரலுக்கு, எந்த எண்ணில் இருந்தாலும் ஆர்.டி.பி. தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடினமான பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பவர்களுக்கு 2019 மே மாதத்தை நினைவூட்ட விரும்புகிறேன். புளூகீப் என்று பெயர் பெற்ற ஓட்டை அப்போது வெளியானது. விண்டோஸ் எக்ஸ்.பி., விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆகியவற்றின் ஆர்.டி.பி. சேவையில், லாகின் செய்வதற்கு முன்பே நிரலை ஓட்டவிடும் ஓட்டை அது. பாஸ்வேர்ட் எவ்வளவு நீளம் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. 2014-லேயே ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்.பி.க்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்தது என்றால் அதன் தீவிரம் புரியும். அதே ஆண்டு ஆகஸ்டில் இதே ரகத்தைச் சேர்ந்த ஓட்டைகள் விண்டோஸ் 10-லும் வெளிவந்தன. வெளியே தெரியாத சேவையாக இருந்தால், இப்படி ஒரு செய்தி வரும் நாளில் அப்டேட் போட உங்களுக்குக் கொஞ்சம் அவகாசமாவது கிடைக்கும்.

இன்னும் இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். ரவுட்டரில் யூ.பி.என்.பி. என்ற வசதி இயங்கினால், உள்ளே இருக்கும் நிரல்கள் உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துகொள்ளும், அதை அணைத்துவிடலாம். அப்புறம் ஐ.பி.வி6 என்ற புதிய முகவரி முறை. உங்கள் இணைப்பு அதைத் தருகிறது என்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நேரடி முகவரி கிடைத்துவிடுகிறது. போர்ட் ஃபார்வர்டிங் போடாததால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற கணக்கு அங்கே செல்லாது. ரவுட்டரின் ஐ.பி.வி6 ஃபயர்வால் உள்வரும் இணைப்புகளைத் தடுக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

வி.பி.என். போட்டுவிட்டோம் என்று பழையதை மறப்பது

சரியான வழி, ரிமோட் டெஸ்க்டாப்பை வி.பி.என். எனப்படும் ஒரு தனி மறைப்பாதைக்குள் வைப்பது. வயர்கார்ட் என்ற வி.பி.என். எனக்குப் பிடித்தமானது. 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.6 பதிப்பிலேயே அது சேர்ந்துவிட்டது. சரியான சாவி இல்லாமல் வரும் தரவுத் துண்டுகளுக்கு அது பதிலே சொல்லாது. அதனால் இணையத்தை அலசுபவர்களுக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது. ரவுட்டரில் எதையும் திறக்க முடியாத இணைப்பு என்றால், வயர்கார்டை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் போன்றவை வேலையை எளிதாக்கும். லினக்ஸ் சர்வர் ஒன்று கையில் இருந்தால் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு முறையின் சுரங்கம் வழியாகவும் ஆர்.டி.பி.யைக் கொண்டுபோகலாம். அப்போது பாஸ்வேர்ட் லாகினை நிறுத்திவிட்டுச் சாவி லாகினை மட்டும் வையுங்கள். முதன்முறை இணையும்போது திரையில் வரும் சர்வர் சாவியின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் எழுத்துத்தொடரை, சர்வரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'யெஸ்' என்று அடித்துக் கடந்து போனால், யாரோடு பேசுகிறோம் என்பதைச் சோதிக்கும் ஒரே வாய்ப்பு போய்விடும்.

இதிலும் தவறு நடக்கிறது. வி.பி.என். வேலை செய்யத் தொடங்கிய மகிழ்ச்சியில் ரவுட்டரில் இருக்கும் பழைய 3389 விதியை நீக்க மறந்துவிடுகிறார்கள். புதுப் பாதை ஒருபுறம், பழைய ஓட்டை ஒருபுறம். விதியை நீக்குங்கள். அதோடு விண்டோஸ் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான உள்வரும் விதியைத் திறந்து, ஸ்கோப் பகுதியில் வி.பி.என். முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். பிறகு மொபைல் டேட்டாவில் இருந்துகொண்டு, வி.பி.என். இல்லாமல் இணைந்து பாருங்கள். இணைப்பு கிடைக்கக் கூடாது. கிடைக்காமல் போவதைச் சோதிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. கிடைப்பதை மட்டும்தான் சோதிக்கிறோம்.

வி.பி.என். கணக்குகளையும் கவனிக்க வேண்டும். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் நாள்கணக்கில் நின்றுபோனது. தாக்கியவர்கள் உள்ளே வந்தது புழக்கத்தில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாக. பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை வைக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அதற்கு இல்லை, பாஸ்வேர்ட் மட்டும்தான். அந்த நிறுவனம் 44 லட்சம் டாலர் பணயமாகக் கொடுத்தது. யாரும் பயன்படுத்தாத கணக்கு ஒன்று அணைக்கப்படாமல் இருந்ததற்கு இவ்வளவு விலை.

எரர் வந்ததற்காக எடுத்துவிட்ட டிக்

பழைய கிளையன்ட் ஒன்று, அதாவது நம் பக்கத்திலிருந்து இணையும் நிரல், இணைய மறுக்கும். தேடினால், நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் என்ற டிக்கை எடுத்துவிடச் சொல்லும் யோசனை முதலில் கண்ணில் படும். எடுத்தால் இணைப்பு கிடைக்கும். அந்த டிக் செய்வது என்ன? வந்தவர் யார் என்று நிரூபித்த பிறகுதான் டெஸ்க்டாப் அமர்வையே தொடங்கவிடும். புளூகீப் நேரத்தில் அப்டேட் போடாத கம்ப்யூட்டர்களுக்கும் இதுதான் ஓரளவு தடுப்பாக இருந்தது; சரியான கணக்கு இல்லாதவர் அந்த ஓட்டைவரை போகவே முடியவில்லை. ஆகவே டிக்கை அப்படியே விடுங்கள், பழைய கிளையன்டை மாற்றுங்கள்.

எதிர்முனைக் கம்ப்யூட்டர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையும் இதே கதைதான். சாதாரண கம்ப்யூட்டர்களில் ஆர்.டி.பி. தானே கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்டுவதால் முதல்முறை எச்சரிக்கை வருவது இயல்பு. அதன் கைரேகையை ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளலாம். பல நாள் அமைதியாக இணைந்த கம்ப்யூட்டருக்குத் திடீரென்று மறுபடி எச்சரிக்கை வந்தால், பாஸ்வேர்ட் கொடுக்கும் முன் ஏன் என்று பாருங்கள். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். நடுவில் யாராவது உட்கார்ந்திருக்கவும் கூடும்.

கணக்கும் பாஸ்வேர்டும்

தினமும் அட்மின் உரிமையுள்ள கணக்கிலேயே ரிமோட்டாக நுழைவது தேவையற்ற ஆபத்து. சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதை ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் சேருங்கள். அட்மின் குழுவில் இருப்பவர்களுக்கு ரிமோட் அனுமதி தானாகவே உண்டு என்பதால், அதை விண்டோஸின் பாதுகாப்பு விதிகளான பாலிசியில் தனியாக நிறுத்த வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று. நான்கு இலக்க பின் போட்டுத்தான் தினமும் திறப்பார்கள்; உண்மையான பாஸ்வேர்டே மறந்திருக்கும். ஆர்.டி.பி. அந்தப் பின்னை ஏற்காது. உடனே அவசரத்தில் எளிதான பாஸ்வேர்ட் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் பாஸ்வேர்டே இல்லாத கணக்கை வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கணக்கை விண்டோஸ் ரிமோட்டாக உள்ளே விடாது என்றதும், அந்தத் தடையையே பாலிசியில் போய் நீக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நான்கைந்து சொற்கள் சேர்ந்த நீளமான பாஸ்வேர்ட் வைத்து பாஸ்வேர்ட் மேனேஜரில் போட்டுவையுங்கள்.

தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கைப் பூட்டும் விதியையும் பாருங்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவிய கம்ப்யூட்டர்களில் 10 தவறான முயற்சிகளுக்கு 10 நிமிடப் பூட்டு என்பது இயல்பாகவே இருக்கிறது. மற்றவற்றில் அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நீங்கள்தான் போட வேண்டும்.

பாஸ்வேர்ட் கசிந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால், அதை மாற்றியதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில், மாற்றிய பிறகும் பழைய பாஸ்வேர்டை ஆர்.டி.பி. ஏற்பது சில சூழல்களில் நடக்கிறது. கம்ப்யூட்டர் தன்னிடம் சேமித்துவைத்த பழைய பிரதியோடு ஒப்பிடுவதே காரணம். 2025-இல் இது பேச்சானபோது, வடிவமைப்பே அப்படித்தான் என்றது மைக்ரோசாஃப்ட். ஆகவே முதலில் ரிமோட் டெஸ்க்டாப்பையே அணையுங்கள், மற்றது பிறகு.

மற்ற கருவிகள்

ஆர்.டி.பி. போலவே திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் வி.என்.சி. முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு விஷயம். அதன் அடிப்படை பாஸ்வேர்ட் முறை முதல் 8 எழுத்துகளை மட்டும்தான் கணக்கில் கொள்ளும். நீங்கள் 20 எழுத்து வைத்தாலும் மிச்சம் வீண். அடிப்படை நெறிமுறையில் திரைக் காட்சிக்கு மறையாக்கமும் கிடையாது. எனவே வி.பி.என். அல்லது எஸ்.எஸ்.எச். இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ரிமோட் ஆப்களில் போர்ட் திறக்கும் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக அந்த நிறுவனத்தின் சர்வரையும், அங்கே இருக்கும் உங்கள் கணக்கையும் நம்புகிறீர்கள். 2024 பிப்ரவரியில் தன் சர்வர்கள் ஊடுருவப்பட்டதாக எனிடெஸ்க் அறிவித்து, இணையதள பாஸ்வேர்டுகளையெல்லாம் ரத்து செய்தது. இந்தக் கருவிகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள், அதுவும் எஸ்.எம்.எஸ்.ஸைவிட ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. ஆள் இல்லாதபோதும் இணையும் வசதியைத் தேவைப்படும் கம்ப்யூட்டரில் மட்டும் வையுங்கள். ஒருமுறை உதவிக்காக நிறுவியதை, உதவி முடிந்ததும் நீக்குங்கள். தானாக அழைத்து இந்த ஆப்பை நிறுவச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான்.

இவற்றில் இன்னொரு வேறுபாட்டையும் பலர் கவனிப்பதில்லை. சாதாரண விண்டோஸில் ஆர்.டி.பி.யில் இணைந்ததும் அங்கே இருக்கும் திரை பூட்டிக்கொள்ளும். இந்த ஆப்களிலும் வி.என்.சி.யிலும், தனியாக செட்டிங் போடாவிட்டால், நீங்கள் செய்வதெல்லாம் அங்கே திரையில் ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பைத் துண்டித்த பிறகும் கம்ப்யூட்டர் பூட்டாமலே கிடக்கும். கிளம்பும்போது பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஆர்.டி.பி. சர்வர் இல்லை என்பதால், அதை இயங்கவைக்கும் ஒட்டுநிரல்களைப் பலர் தேடுகிறார்கள். எங்கிருந்தோ வந்த ஒன்றை லாகின் சேவைக்குள்ளேயே நுழைப்பது அது. புரோ பதிப்புக்கு மாறுங்கள், அல்லது வேறு கருவியைப் பயன்படுத்துங்கள்.

இரு கம்ப்யூட்டர்களுக்கும் இடையே காப்பி-பேஸ்ட் செய்யவிடும் கிளிப்போர்டு பகிர்வு, டிரைவ் பகிர்வு இரண்டும் தேவைப்படும்போது மட்டும் இருக்கட்டும். எதிர்முனைக் கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருந்தால் ஆபத்து உங்கள் பக்கமும் வரும். கிளிப்போர்டு பகிர்வு வழியாக உங்கள் கம்ப்யூட்டரில் கோப்புகளை எழுத முடியும் என்று செக் பாயின்ட் ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள்.

நம்மையே வெளியே பூட்டிக்கொள்வது

பாதுகாப்பை இறுக்கும்போது நடக்கும் தவறு இது. தொலைவில் இருந்துகொண்டே ஃபயர்வால் விதியை மாற்றுவோம். அந்த நொடியே இணைப்பு அறுந்துபோகும். இப்படிப்பட்ட மாற்றங்களை நேரில் இருக்கும்போது செய்யுங்கள். முடியாதென்றால், 10 நிமிடத்தில் பழைய விதி தானாகத் திரும்பும்படி ஒரு வேலையை ஷெட்யூல் செய்துவிட்டு மாற்றுங்கள். சரியாக வந்தால் அதை ரத்து செய்யலாம். ஊருக்குக் கிளம்பும் முன் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, யாரும் லாகின் செய்யாத நிலையில் வெளியிலிருந்து இணைய முடிகிறதா என்று பாருங்கள். வி.பி.என். நிரல் லாகினுக்குப் பிறகுதான் தொடங்குகிறதா, கம்ப்யூட்டர் தூங்கிப்போகிறதா, டிஸ்க் மறையாக்கம் பூட் ஆகும்போது பின் கேட்டு நிற்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

லாக்கைத் திறந்தே பார்க்காதது

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியைத் திறங்கள். 4625 என்பது தோல்வியடைந்த லாகின், 4624 என்பது வெற்றியடைந்தது. நிமிடத்துக்குப் பல 4625 வருகிறது என்றால் உங்கள் போர்ட் இன்னும் எங்கோ வெளியே தெரிகிறது என்று அர்த்தம்; ரவுட்டருக்குத் திரும்பிப் போங்கள். 4624-இல் லாகான் டைப் 10 என்று இருப்பவை ரிமோட் டெஸ்க்டாப் வழியே வந்தவை; எந்தக் கணக்கு, எந்த ஐ.பி. என்பதும் அங்கேயே இருக்கும். உங்களுக்குத் தெரியாத ஒன்று அதில் இருந்தால், கம்ப்யூட்டரை அணைக்காமல் நெட்வொர்க்கை மட்டும் துண்டியுங்கள். அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் தடயங்கள் போய்விடும். அதில் பயன்படுத்திய எல்லா பாஸ்வேர்டுகளையும் வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள், மின்னஞ்சலில் தொடங்கி.