பழைய சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் புது ரிம் மாட்டுவது எப்படி?

பின் பிரேக் பிடித்தால் சக்கரம் தட்டித் தட்டி நின்றது. பிரேக் கட்டைதான் காரணம் என்று நினைத்தேன். ஸ்கேலின் ஓரத்தை ரிம்மின் பக்கச் சுவரில் குறுக்கே வைத்தபோது நடுவில் பிறை போல இடைவெளி. கட்டை உரசி உரசி அலுமினியம் குழிந்துவிட்டது. இந்த நிலைக்கு வந்த ரிம், டியூபின் காற்றழுத்தம் தாங்காமல் ஓட்டத்திலேயே பிளக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

ஆக்ஸிலை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இல்லை, கம்பிகளிலும் துரு இல்லை என்றால் ரிம் மட்டும் போதும். ஆனால் துளை எண்ணிக்கையும் அளவும் அப்படியே பொருந்த வேண்டும். பழைய 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சி என்னும் அளவில் 622. அதற்கு மாற்றினால் பழைய கம்பிகள் நீளம் அதிகமாகிவிடும், பிரேக் கட்டையையும் 4 மி.மீ. இறக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி, டயரையும் டியூபையும் எடுத்துவிட்டீர்களா? சரி, இனி கம்பிகளைத் தொடாதீர்கள். முதலில் பல் சக்கரக் கொத்தைக் கழற்ற வேண்டும். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அந்தக் கொத்து பல பழைய சைக்கிள்களில் சக்கரத்தின் நடுக் குடமான ஹப்பின் மேல் மரையில் திருகியிருக்கும். அதுதான் ஃப்ரீவீல். மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும். நான் முதல் வேலையாகக் கம்பிகளை வெட்டி எறிந்தேன். கையில் மிஞ்சியது உள்ளங்கையளவு ஹப். பிடித்துத் திருப்ப ஒன்றுமில்லை. மேசை இடுக்கியான வைஸில் கடித்து, குழாய் மாட்டி, கடைசியில் ஹப்பின் விளிம்பு உடைந்ததுதான் மிச்சம். ரிம் போட வந்தவன் ஹப்பும் வாங்கினேன்.

சரியான வழி இது. உங்கள் ஃப்ரீவீலின் காடிக்குப் பொருந்தும் கழற்றியை (கழற்றும் கருவியை) உள்ளே வைத்து, ஆக்ஸில் நட்டால் லேசாகப் பிடித்துவையுங்கள். கழற்றி கீழே இருக்கும்படி வைஸில் கடித்து, ரிம்மை லாரி ஸ்டியரிங் போலப் பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். 'டக்' என்று விட்டுக்கொடுத்ததும் நட்டைக் கழற்றிவிடுங்கள். கழற்றி நல்ல எஃகில் இருக்கட்டும். மலிவானதின் பற்கள் வழுக்கினால் காடியும் போய்விடும்.

அப்புறம் எளிது. வால்வு துளைகள் நேராக வரும்படி புது ரிம்மைப் பழையதோடு டேப்பால் கட்டுங்கள். கம்பிகளை ஒவ்வொன்றாகப் புதியதுக்கு மாற்றுங்கள். கம்பி மரையில் ஒரு துளி எண்ணெய். கம்பி நுனியில் திருகும் நிப்பிள்கள் எல்லாவற்றையும் ஒரே அளவு முறுக்கி, கோட்டம் எடுக்கும்போது கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஃப்ரீவீல் பக்கக் கம்பிகள் கூடுதலாக இறுகும், அது இயல்பு. ரிம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க, சக்கரத்தைச் சைக்கிள் சட்டத்தில் இடவலம் மாற்றித் திருப்பிப் போடுங்கள். இரண்டு விதத்திலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதற்காகவே ஃப்ரீவீலைக் கடைசியில், மரையில் கிரீஸ் தடவி மாட்டுகிறேன்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவருக்குக் கம்பிகள் நிப்பிள் அருகே வளைந்து நின்றன. ரிம் துளைகள் இடமும் வலமுமாக மாறி மாறி விலகியிருக்கும். வால்வை அடுத்த துளை பழையதில் ஒரு பக்கமும் புதியதில் மறுபக்கமும் விலகியிருந்தால், ரிம்மை ஒரு துளை நகர்த்திக் கட்டுங்கள். எந்தத் திசையில் நகர்த்தினால் பம்ப் வாய் நுழைய இடம் கிடைக்கிறதோ, அந்தத் திசையில்.