பழைய ஏர் பிஸ்டலைத் திறக்கிறீர்களா? தோல் வாஷரில் தொடங்குங்கள்

பழைய ஸ்பிரிங் ஏர் பிஸ்டலில் சத்தம் மட்டும் வந்து குண்டில் வேகமே இல்லையென்றால், எல்லாருக்கும் முதலில் ஸ்பிரிங்கின் மேல்தான் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. புது ஸ்பிரிங் போட்டும் அதே சோர்வு. குறை, ஸ்பிரிங் தள்ளிவிட சிலிண்டருக்குள் ஓடிக் காற்றை அழுத்தும் பிஸ்டனின் தலையில் இருந்த தோல் வாஷரில். கிண்ணம் மாதிரி குழிந்த தோல் அது. காற்று அழுத்தும்போது விளிம்பு விரிந்து சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்ளும். காய்ந்து சுருங்கிவிட்டால் காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும்.

இங்கே சொல்வது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகைக்கு. 1924இல் வந்த வெப்லி மார்க் 1 என்ற பிரிட்டிஷ் ஏர் பிஸ்டலின் வழியில் செய்தவற்றில் பேரல் சிலிண்டருக்கு மேலே இருக்கும், சுடும்போது பிஸ்டன் கையை நோக்கிப் பின்னால் வரும். அவற்றுக்கு முன்பின்னை மாற்றிப் படியுங்கள். உலோக வளையம் போட்ட பிஸ்டன் என்றால் தோல் பற்றிய பகுதி உங்களுக்கு வேண்டாம்.

1. திறக்காமல் ஒரு முயற்சி. பேரலில் குண்டு இல்லை, ஸ்பிரிங் ஏறியிருக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். சிலிண்டரிலிருந்து பேரலுக்குக் காற்று போகும் காற்றுத் துளையில் நாலைந்து சொட்டு நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது) விட்டு, எண்ணெய் வாஷர் பக்கம் இறங்கும்படி இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். தோல் ஊறி உயிர் பெற்றால் பிரிக்கவே தேவையில்லை. பெட்ரோலிய எண்ணெய் மட்டும் வேண்டாம். அழுத்தச் சூட்டில் அது பற்றிக்கொண்டு தோலைக் கருக்கிவிடும்.

2. திருகுகள். பழைய துப்பாக்கித் திருகுகளின் வெட்டு ஒடுக்கமானது. ஆப்பு போல நுனி சரிந்த சாதாரண ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக்கொண்டு மேலே ஏறி வெட்டைச் சிதைக்கும். இணையான நுனி கொண்டதை வாங்குங்கள், மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம். பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. ஸ்பிரிங். நீளமான கிளாம்பில் பிடித்து மெதுவாகத் தளர்த்துங்கள். கையால் அமுக்கிக்கொண்டு, ஸ்பிரிங்கைத் தடுத்து நிற்கும் பின்னை (pin) உருவ வேண்டாம், முகத்துக்கு நேரே வைக்கவும் வேண்டாம். வெளியே எடுத்ததைக் கண்ணாடியில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

4. தோலை உள்ளே செலுத்துவது. நான் இரண்டு புது வாஷர்களை இழந்தது இங்கேதான். சிலிண்டரின் அடியில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும். அதன் ஓரம் கத்தி மாதிரி. ஊறி மெத்தென்றிருக்கும் தோல் அதைக் கடக்கும்போது விளிம்பில் பிறை வடிவில் ஒரு சீவல் போய்விடும். வெளியே எதுவும் தெரியாது. பூட்டிச் சுட்டால் பழைய பலவீனமே வரும்.

இப்போது இப்படிச் செய்கிறேன். மெல்லிய குச்சியில் நுண் உப்புத்தாளைச் சுற்றி வெட்டின் ஓரங்களை மட்டும் வருடி, தூளைச் சுத்தமாகத் துடைத்துவிடுவேன். வாஷரை முந்தின நாளே எண்ணெயில் ஊறப்போட்டு, குழி காற்றை அழுத்தும் பக்கம் பார்க்கும்படி பிஸ்டனில் முறுக்குவேன். தண்ணீர் பாட்டிலில் வெட்டிய பிளாஸ்டிக் பட்டையைச் சுருட்டி சிலிண்டருக்குள் செருகி வெட்டை மறைத்து, அதன் மேல் பிஸ்டனைச் சற்றே திருகியபடி நகர்த்துவேன். தோல் வெட்டைத் தாண்டியதும் பட்டையைப் பின்னால் உருவிவிடலாம்.

ஸ்பிரிங்கைப் போடுவதற்கு முன் காற்றுத் துளையை விரலால் அடைத்துப் பிஸ்டனைத் தள்ளிப் பாருங்கள். மெத்தையில் அமுக்கினது போல எதிர்த்து, விட்டதும் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் பூட்டாதீர்கள்.

5. தொடக்கூடாதவை. ட்ரிகர் கொக்கியின் முனையை அரம் போட்டு மென்மையாக்காதீர்கள். தானே வெடிக்கும் துப்பாக்கி ஆகிவிடும். மேற்பூச்சையும் பாலிஷ் போட்டு அழிக்காதீர்கள். 0000 என்ற மிக நுண்ணிய ரக எஃகுக் கம்பளியில் எண்ணெய் தொட்டுத் துருவை மட்டும் எடுத்தால் போதும், பழைய நிறம்தான் அதன் அழகு. குண்டு இல்லாமல் சுட்டுப் பார்க்கவும் கூடாது. மெத்தையாகும் காற்று இல்லாமல் பிஸ்டன் முட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் ஏற்றியபின் பேரலைக் கையால் பிடித்தபடியே குண்டு போடுங்கள்.

பின்சேர்க்கை: இந்த முறையில் செய்தவர் ஒருவர், வாஷர் நன்றாக இருந்தும் வேகம் வரவில்லை என்றார். பேரல் சிலிண்டரோடு சேரும் இடத்தில் இன்னொரு சின்ன வாஷர் இருக்கும். அந்த இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, குண்டோடு பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுடுங்கள். துண்டு பறந்தால் கசிவு அங்கேதான். அவருடையதில் அடியில் ஒரு வட்டக் காகிதம் வைத்து வாஷரைச் சற்று உயர்த்தியதும் சரியாகிவிட்டது.